அயல் என்னும் துணை

கொழும்பு மாநகரில் ஓசை மிகுந்த இடம் எது என்று வினவினால், புறக்கோட்டை என்றே எவரும் விடை கூறுவர். மெயின் வீதியில் கைவண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகர்கின்றன. நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் பருப்பும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. செட்டியார் தெருவின் நகைக் கடைகளில் படியேறுவோரும் படியிறங்குவோரும் ஓய்வதில்லை. தோளோடு தோள் உரசாமல் நூறடி நடத்தல் அங்கே அரிது. இத்தகைய இடத்திலும் தனிமை என்பதொன்று உண்டோ என்று கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், இரவில் கடைகளின் இரும்புக் கதவுகள் இழுத்து மூடப்பட்ட பின்னர், மேல்மாடியிலோ பின்கட்டிலோ பாயை விரித்துப் படுக்கும் இளைஞன் ஒருவனைக் கேட்டால் அவன் வேறு விதமாகவே விடை கூறுவான். பதுளையிலிருந்தோ அட்டனிலிருந்தோ வேலை தேடி வந்தவன் அவன். பகல் முழுதும் நூறு பேருடன் விலை பேசியிருப்பான். அந்த நூறு பேருள் ஒருவருக்கேனும் அவனுடைய பெயர் தெரிந்திராது.

தனித்திருத்தல் வேறு, தனிமை வேறு. படிப்பதற்கும் எழுதுவதற்கும் வழிபடுவதற்கும் மனிதன் தானே விரும்பித் தனித்திருப்பதுண்டு. அஃது அவனுக்கு இளைப்பாறுதல். தனிமையோ, வேண்டிய அளவு மனிதத் தொடர்பு கிட்டவில்லையே என்னும் ஏக்கம். ஆளரவமற்ற காட்டில் மட்டும் தோன்றுவதன்று அது. ஆள் நெருக்கம் மிகுந்த நகரத்திலும் தோன்றும். கொழும்பில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய மூன்று பகுதிகளையும் எடுத்து நோக்கினால், தனிமை மூன்று வேறு கோலங்களில் இருப்பதைக் காணலாம். அதனைக் குறைப்பதற்கு அயலவர் தொடர்பு எவ்வாறு உதவும் என்பதும் அங்கேயே விளங்கும்.

தனிமையை வெறும் மனக்குறை என்று தள்ளிவிடுவதற்கு இன்று இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் சமூகத் தொடர்பை ஆராய்வதற்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அவ்வாணைக்குழு 2025 ஜூனில் தனது அறிக்கையை வெளியிட்டது. உலக மக்களுள் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் வருந்துகின்றனர் என்றும், ஆண்டுதோறும் 871,000 க்கு மேற்பட்ட மரணங்கள் தனிமையோடு தொடர்புடையன என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. இருதய நோய், பாரிசவாதம், நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவற்றின் அபாயத்தைத் தனிமை கூட்டுகின்றது. முதியோரே தனிமையால் வாடுவர் என்னும் எண்ணமும் திருத்தத்திற்குரியது. 13 முதல் 29 வயது வரையுள்ளோருள் 17 முதல் 21 சதவீதத்தினர் தாம் தனிமைப்பட்டிருப்பதாகக் கூறியுள்ளனர். பிரித்தானியா 2018 இலும் ஜப்பான் 2021 இலும் தனிமைப் பிரச்சினையைக் கவனிக்கும் பொறுப்பை ஓர் அமைச்சரிடம் ஒப்படைத்தன என்றால், இதன் பாரம் எத்தகையது என்பது புலனாகும்.

முதலிற் புறக்கோட்டையை நோக்குவோம். கோட்டைக்குப் புறத்தே அமைந்தமையால் தமிழில் அப்பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘பெட்டா’ என்னும் பெயரும் ‘பேட்டை’ என்ற தமிழ்ச் சொல்லின் திரிபே. அஃது எக்காலத்தும் வெறுஞ் சந்தையாக இருந்ததில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மக்கள் குடும்பத்தோடு வீடு கட்டி வாழ்ந்த பகுதி அது. பிரின்ஸ் வீதியில் இன்று அரும்பொருட்சாலையாக விளங்கும் கட்டடம், 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீயின் இல்லமாக இருந்தது. வணிகம் பெருகப் பெருகக் குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. வீடுகள் கடைகளாயின, கடைகள் பண்டகசாலைகளாயின. குடும்பங்கள் போனபோது அவற்றோடு அயலும் போயிற்று. கடைக்கு வாடிக்கையாளர் உண்டு, போட்டியாளர் உண்டு, கடன்காரரும் உண்டு. அடுத்த கடையில் இருப்பவன் அயலவனா என்று கேட்டால், விடை கூறச் சிறிது தயங்க வேண்டியிருக்கும்.

எனினும், மனிதர் தமக்கு வேண்டியதை எங்கேனும் தேடிக்கொள்ளவே செய்கின்றனர். மூட்டை சுமக்கும் நாட்டாமிகளும் கடைச் சிப்பந்திகளும் கூடும் தேநீர்க் கடைகள் புறக்கோட்டையில் அதற்கு இடமாகின்றன. ஒரே கடையில் ஒரே நேரத்தில் நாள்தோறும் தேநீர் அருந்துபவனுக்குச் சொல்லாமலே சீனி குறைத்துக் கலக்கப்படும். ஒருநாள் அவன் வராவிட்டால், எங்கே அவனைக் காணவில்லை என்ற கேள்வி எழும். இந்தக் கேள்வி சிறிது. ஆயின் அதன் பெறுமதி பெரிது. 2014 இல் ஜிலியன் சான்ட்ஸ்ட்ரொம், எலிசபெத் டன் என்னும் உளவியல் ஆய்வாளர் இருவர் இதனையொத்த ஒரு சோதனையை நடாத்தினர. கோப்பிக் கடைக்குச் செல்வோருள் ஒரு சாராரைப் பரிமாறுபவருடன் முகம் பார்த்துச் சிரித்துச் சில வார்த்தை பேசும்படியும், மற்றொரு சாராரை அலுவலை மட்டும் முடித்துக்கொண்டு வரும்படியும் கேட்டனர். முதற் சாராரே மனமகிழ்வோடும், தாம் ஓரிடத்தைச் சேர்ந்தவர் என்னும் உணர்வோடும் திரும்பினர்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகின்றது. அந்நியர் என்றும் நண்பர் என்றும் மக்களை இரண்டாகப் பகுத்துப் பார்ப்பது நமது வழக்கம். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது உறவொன்று உண்டு. அதுவே அறிமுகம், யாழ்ப்பாணத்தார் ‘அயலட்டை’ என்று வழங்கும் உறவு. நண்பனிடம் நெஞ்சைத் திறக்கலாம். அயலவனிடம் அது வேண்டியதில்லை. அவன் முகம் தெரிய வேண்டும், பெயர் தெரிய வேண்டும், இன்று கதவு திறக்கவில்லையே என்று கவனிக்கும் அளவுக்கு நம்முடைய நடமாட்டம் அவனுக்குப் பழக்கமாயிருக்க வேண்டும். நட்பைக் கட்டளையிட்டு உண்டாக்க முடியாது. அறிமுகத்தையோ, சந்திக்கும் வாய்ப்புகளை ஏற்படுத்துவதால் உண்டாக்கிவிடலாம். தனிமையைக் குறைக்க விரும்பும் சமூகம் கைவைக்க வேண்டிய இடமும் அதுவே.

அத்தகைய வாய்ப்புகள் இயல்பாகவே மலிந்திருந்த இடம் புறக்கோட்டைக்கு அடுத்துள்ள கொட்டாஞ்சேனை. ஜம்பட்டா வீதியையும் அதனைச் சூழ்ந்த தெருக்களையும் அடுத்துத் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்புகள் பல தோன்றின. இவற்றிற் காய்கறியும் இல்லை, தேயிலையும் இல்லை. வரிசை வரிசையாகச் சிறு வீடுகளே உண்டு. பல குடும்பங்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு முற்றம், ஒரு நடைபாதை. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் வாழ்ந்தனர். இன்றும் பல தோட்டங்களில் அவ்வாறு வாழ்கின்றனர். குழாயடியில் வாளி வைப்பதில் சண்டை வரும். அதே குழாயடியில், எவர் வீட்டிற் காய்ச்சல், எவர் மகளுக்குப் பிரசவம் என்பதும் தெரிய வரும். பெண்கள் கூடிச் சீட்டுப் பிடிப்பர். மரணம் நிகழ்ந்தால், கூடாரமும் கதிரைகளும் மரண உதவிச் சங்கத்திலிருந்து வந்துவிடும். நோன்பு மாதத்திற் பள்ளிவாசற் கஞ்சி பிற சமயத்தாரின் வீட்டுக்கும் போகும். சித்திரைப் புத்தாண்டிற் பலகாரத் தட்டு ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போகும். தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை.

அவ்வாழ்க்கையை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிடலாகாது. நெருக்கடி, சுகாதாரக் குறைவு, மழை வெள்ளம், மறைவிடம் இன்மை ஆகிய துன்பங்கள் அங்கே மிகுதி. நல்ல வீடு வேண்டுமென்று அம்மக்கள் விரும்பியதில் தவறு யாதுமில்லை. 2010 க்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை தோட்டவாசிகள் பலரை உயர்ந்த தொடர்மாடிகளுக்கு மாற்றியபோது, அவர்களுக்குச் சுவரும் கூரையும் தனிக் குழாயும் கிடைத்தன. ஆயின், ஒரு தோட்டத்தார் பல மாடிகளுக்கும் பல கட்டடங்களுக்கும் சிதறியபோது, பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த அறிமுகங்கள் அறுபட்டன. வாசற்படியில் இருந்தவாறே சிறு வியாபாரம் செய்த பெண்ணுக்கு வாசலும் இல்லாது போயிற்று, வாடிக்கையும் இல்லாது போயிற்று.

இஃது இங்கு மட்டும் கண்ட அனுபவமன்று. இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் பெத்னல் கிறீன் என்னும் தொழிலாளர் குடியிருப்பை மைக்கல் யங், பீற்றர் வில்மொற் என்னும் சமூகவியலாளர் இருவர் ஆராய்ந்து 1957 இல் ஒரு நூல் வெளியிட்டனர். பழைய நெருக்கமான தெருக்களில் வாழ்ந்த குடும்பங்கள் நகர்ப்புறத்தே புதிதாக அமைக்கப்பட்ட குடியிருப்புக்கு மாற்றப்பட்டபோது, வீடு சிறந்தது, உறவு குன்றியது. வசதியான வீட்டில் இருந்தவாறே பெண்கள் பேச்சுத் துணையின்றி வாடினர் என்பதை அவர்கள் எடுத்துக் காட்டினர். அரை நூற்றாண்டுக்குப் பின்னர் கொழும்பிலும் அதே பாடம் மீண்டும் படிக்கப்பட்டது. மக்களை இடம் மாற்றும்போது வீட்டை மட்டுமன்றி அயலையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரே வரிசையில் இருந்தோரை இயன்றவரை ஒரே மாடியில் வைக்க வேண்டும் என்பதே அப்பாடம்.

இனி வெள்ளவத்தை. இங்கே தனிமையின் கோலம் வேறு. அரசாங்க உத்தியோகம் பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த எழுதுவினைஞர் பலர் ஒரு காலத்தில் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் ‘சமறி’ என்று வழங்கிய கூட்டுக் குடித்தனங்களில் வாழ்ந்தனர். ஐந்தாறு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டுக்கொள்வர். குடும்பத்தைப் பிரிந்து வந்த துயர் அங்கே ஓரளவு ஆறிற்று. 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், கோவில்கள் ஆகியன மாலை நேரத்திற் கூடிக் கலையும் இடங்களாயின. இவ்விரு நிறுவனங்களும் வெள்ளவத்தையில் இன்றும் இயங்கி வருகின்றன.

போர்க் காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் வெள்ளவத்தையிற் பெருகின. தனி வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. பிள்ளைகள் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றனர். பெற்றோர் பலர் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த வீட்டில் இருவராக இருந்தனர், பின்னர் ஒருவராயினர். பணத்துக்குக் குறைவில்லை. கைத்தொலைபேசித் திரையிற் பேரப்பிள்ளையின் முகத்தைக் காணவும் இயலும். ஆயின், ரொறொன்ரோவிலுள்ள மகன் நாள்தோறும் அழைத்தாலும், குளியலறையில் வழுக்கி விழுந்த தாயைத் தூக்கிவிட அவனால் முடியாது. அதற்கு எதிர்வீட்டார் வேண்டும். எதிர்வீட்டாரின் பெயரோ தெரியாது; இரண்டு வீடுகளுக்கும் இடையே இரும்புக் கிராதிகள் இரண்டு நிற்கின்றன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் எட்டுப் பேருக்கு ஒருவர் 60 வயதை எட்டியவராயிருந்தார். அவ்விகிதம் அதன் பின்னர் மேலும் உயர்ந்துள்ளது. ஆதலால் இவ்வகைத் தனிமை இனிக் குறையப் போவதில்லை, கூடவே செய்யும்.

தொடர்மாடியில் வாழ்வோர் மனங்குறுகியவர் என்று பழி கூறுவது பொருந்தாது. கட்டடத்தின் அமைப்பே மனிதரைச் சேர்க்கவும் பிரிக்கவும் வல்லது. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பை லியோன் பெஸ்ரிங்கரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து 1950 இல் முடிபுகளை வெளியிட்டனர். ஒரு மாடியில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோருள் 41 சதவீதத்தினர் ஒருவரையொருவர் நெருங்கிய நண்பராகக் கூறினர். ஒரு வீடு தள்ளி இருந்தோரிடையே அது 22 சதவீதமாகக் குறைந்தது. மாடியின் இரு அந்தங்களிலும் இருந்தோரிடையே 10 சதவீதமே. மாடிப்படியின் அடியிலும் தபாற் பெட்டிகளின் அருகிலும் வசித்தோர்க்கு மேல்மாடி நண்பர் கூடுதலாக இருந்தனர். குணமோ குலமோ இதற்குக் காரணமன்று. அடிக்கடி எதிர்ப்பட்டமையே காரணம். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வாகனத் தரிப்பிடத்திலிருந்து மின்தூக்கி நேரே வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்கின்றது. எதிர்ப்படும் நேரம் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்திலும் அனைவரும் எண்கள் மாறுவதையே நோக்கி நிற்பர்.

அறிமுகம் இருப்பதும் இல்லாததும் சில வேளைகளில் உயிரோடு தொடர்புடையனவாகிவிடுகின்றன. 1995 ஜூலையில் சிக்காகோ நகரைக் கடும் வெப்பம் தாக்கியபோது, வழமைக்கு மேலாக 739 பேர் இறந்தனர். எரிக் கிளினென்பேர்க் என்னும் சமூகவியலாளர் அருகருகே அமைந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் வறுமை உண்டு. தனித்து வாழும் முதியோரும் உண்டு. ஆயினும் வட லோண்டேலில் மரண விகிதம் தென் லோண்டேலைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று. தென் லோண்டேலில் கடைகள் திறந்திருந்தன, தெருவில் மக்கள் நடமாடினர், முதியோர் வெளியே வந்து போயினர். வட பகுதியிலோ கடைகள் மூடப்பட்டு, தெருக்கள் வெறிச்சோடி, முதியோர் அச்சத்தோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தனர்.

கொழும்புக்கு அதனினும் கடுமையான சோதனை ஒன்று நேர்ந்ததுண்டு. 1983 ஜூலைக் கலவரத்தின்போது புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன, பலர் கொல்லப்பட்டனர். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடின. அதே நாட்களிற் சிங்கள, முஸ்லிம் குடும்பங்கள் பல, தமக்கு வரக்கூடிய ஆபத்தையும் பொருட்படுத்தாமல், அயலிலிருந்த தமிழரைத் தம் வீடுகளில் மறைத்து வைத்துக் காத்தன. இடாப்பு வைத்திருந்தோர் பெயரை மட்டுமே அறிந்திருந்தனர்; கதவைத் திறந்த அயலவர் ஆளை அறிந்திருந்தனர். கலவரத்தைத் தடுக்கும் பொறுப்பு அரசுடையது. அதனை அயலவரின் தலையிற் சுமத்தல் ஆகாது. எனினும், காவல் தவறிய வேளையில் மனிதனுக்கும் மரணத்துக்கும் இடையே பல இடங்களில் நின்றது அயலவரே என்பதை வரலாறு மறக்கலாகாது.

பின்னரும் சோதனைகள் வந்தன. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் வழிபாட்டின்போது குண்டு வெடித்தது. செவ்வாய்க்கிழமைதோறும் கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் கூடும் இடம் அது. அதனையடுத்து, குற்றமற்ற முஸ்லிம் அயலவரையும் ஐயத்தோடு நோக்கிய நாட்கள் வந்தன. ஐயம் தீர்வதற்கு மேடைப் பேச்சுகள் மட்டும் போதவில்லை. பலகாரத் தட்டு மீண்டும் வாசலைக் கடக்க வேண்டியிருந்தது. 2020 ஒக்டோபரில் பெருந்தொற்றின் காரணமாக வட கொழும்பின் பல பொலிஸ் பிரிவுகள் அடைக்கப்பட்டபோது, நாட்கூலிக்கு உழைத்தோர் வருவாய் இழந்தனர். அத்தகைய வேளையில் எந்த வீட்டில் அரிசி இல்லை என்பதை நிவாரணப் பட்டியலுக்கு முன்னரே அறியக்கூடியவர் அடுத்த வீட்டாரே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். அயலவர் என்றால் உதவி மட்டுமா? வம்பு, வீண் விசாரணை, பொறாமை, புறங்கூறல் ஆகியனவும் அயலிலிருந்தே வருகின்றன அல்லவா? மகள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள், மருமகளுக்கு ஏன் பிள்ளையில்லை, இவர்கள் என்ன சாதி என்றெல்லாம் துருவும் அயலவரிடமிருந்து தப்புவதற்காகவே தொடர்மாடியை நாடியோரும் உளர். இம்மறுப்பு நியாயமானது. இதற்கு விடை, கதவை அடைத்துக்கொள்வதன்று. அறிந்திருப்பதற்கும் துருவுவதற்கும் இடையே எல்லை வகுப்பது. “சுகமா?” என்று கேட்பது அறிதல். “மகன் எவ்வளவு பணம் அனுப்புகிறான்?” என்று கேட்பது துருவல். ஒருவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் கேள்வி அயலைக் கட்டும். ஒருவரிடம் என்ன குறை என்று தேடும் கேள்வி அதனை இடிக்கும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? பெருந்திட்டங்கள் தேவையில்லை. முதலாவது, சிறிய உதவியைக் கொடுப்பதோடு அமையாது, கேட்கவும் பழகுதல். கறிவேப்பிலைக் கொத்தையோ ஏணியையோ இரவலாகக் கேட்பவன் தன்னைத் தாழ்த்திக்கொள்வதில்லை. தன்னிடமும் கேட்கலாம் என்று மற்றவருக்கு அனுமதி கொடுக்கின்றான். எவரிடமும் எதுவும் வேண்டேன் என்பவனிடம் எவரும் எதுவும் கேட்கத் துணியார். எப்பொழுதும் உதவி பெறுபவராகவே வைக்கப்படும் முதியவரும் மனம் ஒடுங்குவார். அவரிடம் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டால், அவரது தலை நிமிரும்.

இரண்டாவது, இருக்கும் அமைப்புகளைப் பயன்படுத்துதல். தொடர்மாடிச் சொத்துரிமைச் சட்டத்தின்படி இயங்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம், பராமரிப்புக் கட்டணத்தையும் தண்ணீர்ப் பம்பியையும் பற்றி வாதிடுவதற்கு மட்டுமே கூடுகின்றது. அதே கூட்டத்தில், தனித்து வாழ்வோர் எத்தனை பேர், அவசரத்தில் எவரை அழைக்க வேண்டும், எவரிடம் மாற்றுத் திறப்பு இருக்கின்றது என்பவற்றை அவர்களது சம்மதத்தோடு எழுதி வைத்தல் இயலாததா? கீழ்த்தளத்தில் இரண்டு வாங்குகளை இடுவதற்கு ஆகும் செலவு அற்பம். தபாலும் பத்திரிகையும் எடுக்க வருவோர் சற்று அமர்ந்து பேச அது வழி செய்யும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர், கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அவற்றிற் சேர்வது ஏழைகளுக்கே உரியது என்னும் எண்ணம் நடுத்தர வகுப்பாரிடையே உண்டு. தனிமை வகுப்புப் பார்த்து வருவதில்லை ஆகையால், அவ்வெண்ணம் கைவிடத்தக்கது.

மூன்றாவது, மொழியைக் கடத்தல். கொழும்பில் அயலவர் பெரும்பாலும் வேற்று மொழியினர். சிங்களத்தில் நாலு வார்த்தை பேசும் தமிழரும், தமிழில் நாலு வார்த்தை பேசும் சிங்களவரும் இலக்கணப் பிழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. செட்டியார் தெருக் கோவில்களிலிருந்து புறப்படும் ஆடிவேல் இரதத்தைக் காண 1874 முதல் எல்லா இனத்தாரும் காலி வீதியிற் கூடி வந்துள்ளனர். வெசாக் காலத் தன்சல்களிற் சமயம் பாராது அனைவருக்கும் உணவு வழங்கப்படுகின்றது. ஆண்டில் ஒரு நாட் கண்ட முகத்தை மற்ற நாட்களிலும் கண்டு பேசுவதே எஞ்சியிருக்கும் வேலை.

நான்காவது, புறக்கோட்டையின் இளைஞரை நினைத்தல். கடை உரிமையாளர், சிப்பந்திகளின் ஊரையும் வீட்டையும் அறிந்து வைத்திருப்பதும், விடுமுறை நாளில் அவர்கள் பந்தாடவோ நூலகம் செல்லவோ வழி செய்வதும் தருமமன்று, கடமை. ஒரு தெருக் கடைகளின் சிப்பந்திகள் கூடி ஒரு சங்கம் அமைத்துக்கொண்டால், நோய்வாய்ப்பட்டவனை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல ஆள் இருக்கும்.

சாதாரண மனிதரால் இத்தகைய பணி ஆகுமா என்று ஐயுறுவோர் சிம்பாப்வே நாட்டை நோக்கலாம். அங்கே 2006 இல் டிக்சன் சிபாண்டா என்னும் மனநல வைத்தியர், ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் ‘நட்பு வாங்கு’ என்னும் முயற்சியைத் தொடங்கினார். சிகிச்சை நிலையத்தின் வெளியே மரத்தடியில் ஒரு வாங்கு. அதில் பயிற்சி பெற்ற பாட்டி ஒருவர். மனம் நொந்து வருவோர் அவரருகே அமர்ந்து பேசுவர். 2016 இல் வெளியான ஆய்வு, இம்முறையால் மனச்சோர்வு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது என்று காட்டிற்று. கொழும்பில் பாட்டிமாருக்கும் பஞ்சமில்லை, வாங்குகளுக்கும் பஞ்சமில்லை. ஆயினும், உயிரையே வெறுக்கும் நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், அயலவரின் அன்பு மட்டும் போதாது. இலங்கையில் 1974 முதல் இயங்கிவரும் ‘சுமித்ரயோ’ போன்ற நிறுவனங்களையும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் நாடச் செய்வதே அப்பொழுது அயலவரின் கடன்.

தண்ணீர்க் குழாயும் முற்றமும் பொதுவாயிருந்த காலத்தில் அயல் தானே அமைந்தது. எவரும் முயன்று தேடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய் வந்துவிட்ட இக்காலத்தில், அதனை முயன்றே தேடவேண்டும். அம்முயற்சிக்குப் பணம் வேண்டியதில்லை, பட்டம் வேண்டியதில்லை. எதிர்வீட்டில் இருப்பவரின் பெயரை இன்று மாலைக்குள் அறிந்துகொள்வதே அதன் முதற்படி. மின்தூக்கியின் அரை நிமிடம் அதற்குத் தாராளமாகப் போதும்.